கழிக்க முடியாத நான்கு கிரெடிட்

ப்ரென்னா டாமன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்று அவள் கையில் ஒரு திசைகாட்டியைக் கொடுத்தார்கள். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற அளவு, பிளாஸ்டிக். எந்தத் துறை என்று சொல்லாமல் வந்து சேர்ந்த தொள்ளாயிரம் பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. முன்பெல்லாம் இவர்களுக்குத் 'துறை தேராதவர்கள்' என்று பெயர். அது மனதைப் புண்படுத்துகிறது என்று ஒரு குழுவைப் போட்டு, குழு பதினான்கு மாதம் உட்கார்ந்து யோசித்து, 'தேடுவோர்' என்று மாற்றியது. பெயரைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை என்பதால் வேலை சுலபமாக முடிந்தது.

வரவேற்புக் கூட்டத்தில் ஓர் அதிகாரி மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார். இங்கே யாரும் வழி தெரியாமல் நிற்கவில்லை, பல்கலைக்கழகத்தின் நூற்று எழுபது கதவுகளும் தேடுவோருக்காகத் திறந்திருக்கின்றன என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே மேசையில் கதவுகளின் பட்டியல் இருந்தது. பொறியியல், கணினி, செவிலியம், வணிகம் ஆகியவற்றுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்ட கதவுகள் திறந்திருந்தாலும் நுழைய முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ப்ரென்னா திசைகாட்டியைத் தட்டிப் பார்த்தாள். முள் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் எதையும் தேடி வரவில்லை. அவளுக்கு வேண்டியது இயந்திரவியல். அது பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும்.

அவள் அப்பா ராய்ஸ் டாமனுக்கு இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் மக்காச்சோளப் பண்ணை. வீட்டுக்குப் பின்னால் ஐந்து இரும்புக் குதிர்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். ஈரம் காயாமல் சோளம் உள்ளே போன வருடங்களில் அது கட்டி தட்டிப்போகும். அடியிலிருந்து சோளத்தை வெளியே இழுக்கிற திருகு வெறுமனே சுற்றும். யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். இறங்குகிறவருக்குத் துணையாக வெளியே ஒருவர் திருகின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அண்ணன் டால்டன் இறங்குவான், ப்ரென்னா நிற்பாள்.

பள்ளியின் கடைசி வருடம் வாரத்தில் இரண்டு பிற்பகல் அவள் பக்கத்து ஊர்ச் சமூகக் கல்லூரிக்குப் போய்க் கால்குலஸ் படித்தாள். கல்லூரிப் பாடம் முடித்தால் கிடைக்கிற கிரெடிட் புள்ளிகளைப் பள்ளியில் இருக்கும்போதே சேர்த்துவைத்தால் பின்னால் சுமை குறையும் என்று ஆசிரியர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தவர்களை மேடையேற்றிக் கைதட்டினார்கள். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அவள் அந்த வகுப்பில் இருந்தாள். அப்பா லாரியோடு டவுனில் இருந்தார். ஐந்து நிமிட வேலைதானே என்று டால்டன் திருகை நிறுத்தாமல் தனியாக இறங்கினான். சோளம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

பொறியியலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி ஐந்து. ப்ரென்னாவின் விண்ணப்பம் முழுசாக எழுதி முடித்துக் கணினியில் தயாராக இருந்தது, அனுப்பும் பட்டனை அழுத்துவதுதான் பாக்கி. அந்த ஜனவரியில் அந்த வீட்டில் யாரும் எதையும் அழுத்தவில்லை. மார்ச்சில் அவள் அனுப்பியபோது 'தேடுவோர்' பிரிவு மட்டும் திறந்திருந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு நான்கு கட்டங்கள் இருந்தன: முகவரி மாற்றம், ராணுவப் பணி, இணையக் கோளாறு, இதர. அவள் 'இதர'வில் டிக் அடித்தாள். கட்டி தட்டின சோளத்தை வெளியிலிருந்தே உடைக்கிற ஓர் இயந்திரம் செய்ய வேண்டும், யாரும் உள்ளே இறங்கவே கூடாது, அதற்கு இயந்திரவியல் படிக்க வேண்டும். உலகத்தில் அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தேடுவோர் ஆலோசனை மையம் பழைய பால்பண்ணைத் துறையின் நிலவறையில் இருந்தது. ஆலோசகர் கெயில் ப்ரூவிட் நல்ல மனுஷி. மேசையில் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருந்தார், தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார், ப்ரென்னாவின் மதிப்பெண்களைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்து வியந்தார்.

"மெக்கானிக்கலுக்கு மாறணும்னா முதல்ல பொறியியல் ஃபிசிக்ஸ் முடிச்சிருக்கணும்," என்றார்.

"சரி, அதுல சேந்துக்கறேன்."

"அது பொறியியல் மாணவங்களுக்கு மட்டும்தான்."

ப்ரென்னா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அவர் சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை.

"அப்போ நான் பொறியியல் மாணவி ஆகறது எப்படி?"

"ஃபிசிக்ஸ் முடிச்சா ஆகிடலாம்." கெயில் மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "நிறைய பேருக்கு இந்த இடத்துலதான் கொஞ்சம் குழப்பம் வரும். ஆனா பாரு, முடியாதுன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதே இல்ல. போன வருஷம் பயிற்சி கொடுத்தப்போ அந்த வார்த்தையையே எடுத்துட்டாங்க. உன்னோட பயணம் வேற பக்கம் திரும்புதுன்னுதான் சொல்லணும்."

அவள் கால்குலஸ் நான்கு கிரெடிட்டைப் பற்றியும் கெயில் சொன்னார். அது சின்னக் கல்லூரியில் படித்தது, பொறியியல் கல்லூரியின் தரத்துக்கு ஒத்துவராது, ஆகவே இங்கே முதலிலிருந்து படிக்க வேண்டும். ப்ரென்னா மறுபடி படித்தாள். அதே புத்தகம், அதே பதிப்பு. முதல் மாணவியாக வந்தாள்.

ஆனாலும் ஃபிசிக்ஸில் இடம் மிஞ்சினால், வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தேடுவோருக்குத் திறப்பார்கள். அதுவரை பாடம் விட்டுப்போகக் கூடாதே என்று அவள் வகுப்பின் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். மூன்றாம் நாள் தீத்தடுப்பு அதிகாரி வந்து படிக்கட்டில் உட்காருவது ஆபத்து என்றார். அறைக்குள் நாற்பது நாற்காலி காலியாகத்தான் கிடந்தது; அவை பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கு உரியவை. அவள் கதவுக்கு வெளியே நின்று எழுதினாள். திங்கட்கிழமை ஒரே ஓர் இடம் திறந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் அழுதுகொண்டு விலகிப்போன ஒரு பையனுடைய இடம். அதைப் பிடித்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

மே மாதம் இயந்திரவியலுக்கு மாற விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. கட்டுரை ஒன்று கேட்டிருந்தார்கள்: நீங்கள் சந்தித்த ஒரு தோல்வி உங்கள் தலைமைப் பண்பை எவ்வாறு வளர்த்தது, இருநூற்று ஐம்பது சொல். அவள் ஈரச்சோளம் ஏன் கட்டி தட்டுகிறது, வெளியிலிருந்து அதை எப்படி உடைக்கலாம், தான் செய்து பார்த்த முதல் மாதிரி ஏன் வளைந்து உடைந்தது என்று எழுதி, ஒரு படமும் வரைந்து இணைத்தாள். பதில் மூன்று வாரத்தில் வந்தது. "விண்ணப்பதாரருக்கு இயந்திரங்களில் மட்டுமே ஆர்வம் இருப்பதாகத் தெரிகிறது. மனிதர் என்ற முறையில் அவரை அறிய முடியவில்லை." இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம், இரண்டுக்கு மேல் கூடாது.

அறைத்தோழி இமானி சிகாகோக்காரி. உளவியலுக்கும் நட்சத்திரம் போடுவதற்கு முன்பே அதில் நுழைந்துவிட்டவள். கடிதத்தைப் படித்துவிட்டு நூடுல்ஸ் கிண்ணத்தோடு கட்டிலில் புரண்டு சிரித்தாள்.

"இன்ஜினியரிங் காலேஜ்ல போய் இயந்திரத்தைப் பத்தி எழுதியிருக்கியேடீ. உனக்கு அறிவு இருக்கா? அவங்களுக்கு வேண்டியது கண்ணீர். ஸ்காலர்ஷிப் வாங்க எங்க மாமாவை நான் மூணு தடவை சாகடிச்சிருக்கேன். மனுஷன் இப்பவும் எங்க தெருவுல சீட்டாடிட்டு இருக்காரு. உங்க வீட்ல யாராவது கிடைக்க மாட்டாங்களா?"

ப்ரென்னா கடிதத்தை வாங்கி மடித்தாள். இமானி அவள் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஐயோ. எனக்குத் தெரியாதுடீ," என்றாள்.

அன்று ப்ரென்னா முதல்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இமானி அதற்கப்புறம் மாமாவைச் சாகடிக்கவில்லை.

நவம்பரில் இரண்டாவது விண்ணப்பம். எழுதுவதற்கு முன் ப்ரென்னா வீட்டுக்குப் போன் செய்தாள். ராய்ஸ் போனில் வானிலையையும் டிராக்டரையும் தவிர வேறெதுவும் பேசாதவர். அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவர்கள் இருவரும் அதுவரை வாய்திறந்ததே இல்லை.

"அப்பா, அப்ளிகேஷன்ல டால்டனைப் பத்தி எழுதட்டுமா?"

மறுமுனையில் டிராக்டர் கொட்டகையின் தகரக் கதவு மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு உபகாரம் ஆகும்னா அவன் சந்தோஷந்தான் படுவான்," என்றார் ராய்ஸ். "எழுது, குட்டி."

எழுதியது அறுநூற்றுப் பன்னிரண்டு சொல் வந்தது. பெட்டிக்குள் இருநூற்று ஐம்பதுதான் போகும். இரவல் வாங்கின பூட்ஸை அவன் திருப்பித் தராததை வெட்டினாள். குதிருக்குள்ளிருந்து அவன் விசிலடித்தால் இரும்புச் சுவரில் பட்டு இரண்டு ஆள் விசிலடிப்பதாகக் கேட்கும், அதையும் வெட்டினாள். அன்று வகுப்பில் தன் போன் பைக்குள் அணைந்து கிடந்ததை வெட்ட மனம் வராமல் மூன்று முறை எடுத்து மூன்று முறை திரும்பப் போட்டாள். கடைசியில் ஒரு வாக்கியத்துக்கு மிச்சம் இருந்த இடத்தில், இதிலிருந்து தான் தலைமைப் பண்பு எதையும் கற்கவில்லை, இனி ஒருவரும் உள்ளே இறங்க வேண்டியிருக்கக் கூடாது என்று மட்டும் தெரிகிறது என எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இமானி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

முடிவு டிசம்பர் முதல் வாரம் வந்தது. கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு. "மனதை மிகவும் உருக்குகிறது. ஆயினும் சம்பவம் நடந்தபோது விண்ணப்பதாரர் அவ்விடத்தில் இல்லை. எனவே தலைமைப் பண்பு வெளிப்பட வாய்ப்பு ஏற்படவில்லை." ப்ரென்னா அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர்களும் சொல்லியிருந்தார்கள், முத்திரையோடு.

ஆனால் நிராகரிப்புக்குக் காரணம் கட்டுரை அல்ல என்று கெயில் விளக்கினார். கட்டுரையை மரியாதைக்காகத்தான் படித்தார்களாம். துறை மாற நினைக்கிறவர்கள் அறுபது கிரெடிட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. நடப்புப் பாடங்களையும் சேர்த்தால் ப்ரென்னாவிடம் அறுபத்து மூன்று இருந்தது.

"பள்ளிக்கூடத்துலேர்ந்தே சேத்துட்டு வந்திருக்கே பாரு, அதுதான். ரொம்பச் சுறுசுறுப்பு. அந்தக் கால்குலஸ் நாலு மட்டும் இல்லேன்னா அம்பத்தொம்போதுதான்."

"அந்தக் கால்குலஸைத்தான் நீங்க ஏத்துக்கலையே. நான் இங்க மறுபடி படிச்சேனே."

"படிப்பா ஏத்துக்கல. எண்ணிக்கையா ஏத்துக்கிட்டோம்," என்றார் கெயில். அவருக்கே கண் கலங்கிவிட்டது. தான் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேல்முறையீட்டுக்குப் பொறியியல் கல்லூரியின் கண்ணாடி மாளிகைக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் அவள் கோட்டில் 'விருந்தினர்' என்று பச்சைச் சீட்டு ஒட்டினார்கள். டீன் லோவல் ஹேவர்காம்ப் எழுந்து வந்து கைகுலுக்கி, வந்ததற்கு நன்றி சொல்லி, ஜன்னலோரம் உட்காரவைத்தார். கீழே கண்ணாடிக்கு அப்பால் பட்டறை தெரிந்தது. ஒரு பையன் கடைசல் எந்திரத்தில் ஏதோ இழைத்துக்கொண்டிருந்தான். ப்ரென்னாவின் கண் அங்கேயே போனது.

"உங்ககிட்ட ஒளிவுமறைவு இல்லாம பேசறேன்," என்றார் டீன். "எண்ணூறு பேர் மாறணும்னு வராங்க. இடம் நாப்பது. தகுதியானவங்களே முந்நூறு பேர் தேறுவாங்க. தகுதியை வெச்சு வடிகட்டலாம்னா வடிகட்டியில எல்லாருமே தங்கிடறாங்க. அதுக்குத்தான் விதி வேணும். விதி இல்லேன்னா யாரு நல்ல இன்ஜினியரா வருவாங்கன்னு நாங்களே உக்காந்து யோசிக்க வேண்டியிருக்கும். அது நியாயமா இருக்காது, சொல்லுங்க."

அவள் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாள். பிரிக்காமலே பேசினாள்.

"அந்த நாலு கிரெடிட்டை எடுத்துடுங்க சார். எனக்கு அது வேணாம். அந்த வகுப்புக்கு நான் போயிருக்கவே கூடாது. அன்னிக்கு நான் சுவிட்ச் கிட்ட நின்னிருக்கணும். அந்தப் பாடம் நான் படிக்கவே இல்லைன்னு எழுதிக்கோங்க. அந்த வியாழக்கிழமையே என் கணக்குல வேணாம்."

டீன் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்பதற்கும் அங்கே பயிற்சி உண்டு.

"மாணவர் உழைச்சுச் சம்பாதிச்சதை நாங்க ஒருநாளும் பறிக்க மாட்டோம்," என்றார் மெதுவாக. "அது உங்க உடைமை. ஆயுசு முழுக்க உங்ககூட வரும். அதுமில்லாம, பாடத்தைக் கைவிடணும்னா வகுப்பு தொடங்கி மூணு வாரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்."

பிறகு ஒரு படிவத்தை அவள் முன் வைத்தார். அவளுடைய கட்டுரையை விளம்பரப் பிரிவில் எல்லோரும் படித்து அழுதார்களாம். அடுத்த வருட விண்ணப்பதாரர்களுக்கான கையேட்டில் மாதிரிக் கட்டுரையாகப் போட விரும்புகிறார்கள். பெயர் வராது, டால்டனின் பெயரையும் வேறு நல்ல பெயராக மாற்றிவிடுவார்கள்.

"அதுக்கு நாலு மார்க்தானே போட்டீங்க?"

"மாதிரிக்கு மார்க் முக்கியமில்லம்மா. மனசைத் தொடணும், அவ்வளவுதான்."

ப்ரென்னா கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே கலகம் அது. சமர்ப்பித்த கட்டுரைகள் எல்லாம் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம், கையெழுத்துக் கேட்டது ஒரு மரியாதைக்குத்தான் என்று மறுநாள் கெயில் வருத்தத்தோடு தெரிவித்தார்.

அதே வாரம் வாழ்த்து மின்னஞ்சலும் வந்தது. அறுபது கிரெடிட்டைத் தாண்டியவர் தேடுவோராக நீடிக்க முடியாது. உங்கள் தேடல் வெற்றிகரமாக நிறைவடைந்தது. திறந்துள்ள துறைகளில் ஒன்றைப் பத்து நாளுக்குள் தேர்ந்தெடுக்கவும். பூங்கா நிர்வாகம் இருந்தது, ஓய்வுநேரவியல் இருந்தது, தலைமைத்துவவியல் இருந்தது. தலைமைத்துவவியலில் சேரக் கட்டுரை எதுவும் வேண்டாம், கேட்டவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொள்வார்கள். கூடவே 'உங்கள் தேடல் அனுபவம் எப்படி இருந்தது' என்று ஐந்து நட்சத்திரம் போட்ட ஒரு கருத்துக்கேட்பு. பதில் சொல்லும்வரை அது தினமும் வரும்.

குளிர்கால விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போனாள். அந்த வருடமும் அறுவடையில் மழை. நாலாவது குதிரில் சோளம் கட்டி தட்டியிருந்தது. மறுநாள் காலை ராய்ஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். திருகின் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை மகள் கையில் கொடுத்தார். இரண்டு வருடமாக சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க அடுத்த ஊரிலிருந்து ஆளை வரவழைத்துவந்தார். இன்று வரச்சொல்லவில்லை.

"காலேஜ்ல என்ன சொன்னாங்க?" என்றார், முடிச்சைப் பார்த்துக்கொண்டே.

"என் பயணம் வேற பக்கம் திரும்புதாம்."

"அப்படின்னா?"

"எடுத்துக்கலப்பா."

ராய்ஸ் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். நன்றாக இருந்த முடிச்சுதான்.

"டால்டனைப் பத்தி எழுதினயே, அப்பவுமா?"

"ஆமாம்ப்பா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பையன் செத்த அன்று பார்த்த முகம். தன்னிடம் இருந்த கடைசிப் பொருளையும் கொடுத்து, அதுவும் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட மனிதரின் முகம். கையுறையோடு அவள் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு ஏணியில் ஏறி, உச்சித் துவாரத்தின் வழியே உள்ளே இறங்கினார்.

ப்ரென்னா சாவியை முஷ்டிக்குள் மூடிக்கொண்டு, மற்ற கையைப் பூட்டின பெட்டியின் மேல் வைத்து நின்றாள். இரும்பின் குளிர் கையுறையைத் தாண்டி ஏறியது. உள்ளே கம்பி சோளத்தைக் குத்துகிற ஓசை வந்துகொண்டிருந்தது. கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஐந்து நட்சத்திரம்தான், அந்த நேரத்துக்குத் தவறாமல் வரும். அவள் கையை எடுக்கவில்லை.

கம்பியின் ஓசை நின்றது.

"குட்டி, இருக்கியா?" இரும்புச் சுவரில் பட்டு, இரண்டு ஆள் கேட்பதாக வந்தது குரல்.

"இருக்கேம்ப்பா," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே இருக்கிறவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "இங்கதான் இருக்கேன்."